கலங்கரை விளக்கத்தில் பல்பு எரியவில்லை

"கலங்கரை விளக்கத்துல பல்பு எரியல, வாங்க."
"நேப்பியர் பாலத்துல தண்ணி போவாம நிக்குது."
"சென்ட்ரல்ல தலகாணி ஒண்ணு கம்மி."

ராத்திரி பத்துக்கு மேல்
இன்டர்காமில் வந்துகொண்டே இருக்கும் நகரம்.
நோட்டில் குறித்துக்கொள்வேன்
மாநகராட்சி கமிஷனர் மாதிரி,
பனியனோடு.

பழைய ஜெயில் ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்.
ஏழு அறை, ஒரு தொட்டி,
லிஃப்ட் வருமென்று விட்டுவைத்த பள்ளத்தில்
உடைந்த கட்டில்கள்.
எண் போட்டால் லாட்ஜ், பேர் வைத்தால் கெஸ்ட் ஹவுஸ்
என்று கண்டுபிடித்தவர் முதலாளி தனகோட்டி.
அறைக்கு இருநூறு ஏறியது அன்றைக்கே.

ஒன்றுக்காவது காசிமேடு என்று வைக்கலாமே என்றேன்.
"வெச்சா?
மீன் நாத்தம் அடிக்குதுன்னு
அம்பது ரூபா கொறைப்பான்.
அடிக்காத நாத்தத்துக்கு நான் ஏம்ப்பா காசு வுடணும்?"
ஆறு பலகை மாட்டிவிட்டு
ஸ்டிக்கர் கடைக்காரர் போய்விட்டார்.
ஏழாவதில் போர்வைகளும் நானும்.

மெரினாவில் பூரணம் இருந்தாள், பையனோடு.
அறந்தாங்கிப் பக்கம்.
வீட்டுக்காரருக்குக் கல்லீரல்.
விடிந்ததும் ஃப்ளாஸ்க், வயர் கூடை.
இருட்டினபின் அதே கூடை.
மெரினாவுக்கு ஜன்னல் ஒன்று உண்டு.
திறந்தால் பக்கத்து வீட்டின் முதுகு,
அதில் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஏ.சி. பெட்டி.

"கடல் எந்தப் பக்கம்ணே?" என்றான் பையன்.
கையைக் காட்டினேன்.
அங்கே சுவர் இருந்தது.
சுவருக்கு அப்பால் தெருக்கள், தண்டவாளம்,
வரிசையில் தூங்கும் டிரெய்லர் லாரிகள்,
துறைமுகத்து மதில்,
மதிலுக்கு மேல் அடுக்கிய கன்டெய்னர்கள்,
அப்புறம்தான்.
அவ்வளவையும் தாண்டிக் காட்ட
என் விரல் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றேன்.
அந்த ஞாயிறு தண்ணி லாரி வரவில்லை.
அடுத்த ஞாயிறு அவருக்கு ரத்தம் வேண்டியிருந்தது.
பி நெகட்டிவ்.
நேப்பியர் பாலத்தில் தங்கியிருந்த கஸ்பார் கொடுத்தார்,
தூத்துக்குடிக்காரர்,
ஒன்றரை மாதமாகக் கப்பலுக்குக் காத்திருப்பவர்.
கொடுத்துவிட்டு வந்து
பாத்ரூமில் தண்ணி இன்னும் நிக்குதே என்று
என்னைத் திட்டினார்.

பதினாறாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார் பூரணத்தின் வீட்டுக்காரர்.
சட்டைக்குள் பாதி ஆள்.
காலை பஸ்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி.
படுத்தபடி சுவரைத் தடவினார்.
பெயின்ட் உப்பி, வெள்ளையாய்ப் பூத்து உதிர்கிற சுவர்.
நான்கு தடவை நோட்டில் எழுதியிருக்கிறேன் அதை.
விரலை நாக்கில் வைத்து,
"உப்புடா" என்றார் பையனிடம்.
"பக்கத்துலதான் இருக்கு."
பையனும் தொட்டு வைத்துப் பார்த்தான்.
பூரணம் இருவரையும் அதட்டினாள்:
ஆஸ்பத்திரிச் சீட்டில்
ஆகாது என்று போட்டிருந்த முதல் வார்த்தையே
உப்பு.

கணக்கு முடிக்கையில்
பில்லைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள்.
"ஊர்ல கேப்பாக,
மெட்ராஸ் போனியே, மெரினா பாத்தியான்னு.
பதினாறு நாளும் அங்கனதான் கெடந்தேன்னு
காட்டணும்ல."

அதற்கப்புறம்
சுவரைச் சுரண்டிப் பட்டி பூச ஆள் வந்தான்.
"உள்ள ஏறிடுச்சு சார்,
எதைப் பூசுனாலும் வெளிய வரும்"
என்று சொல்லிவிட்டுப் பூசினான்.

விடிகாலை நாலுக்கு
ஐஸ் தண்ணி ஒழுக ஒழுக
மினி லாரிகள் சந்துமுனையைக் கடக்கும்.
ஏழு அறைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.
இன்டர்காம் அடிக்கும்.
"சாந்தோம்லேர்ந்து பேசுறேன்.
என்ன நாத்தம் இது?"
காசிமேடு சார், என்பேன்.

"அது எந்த ரூம்?"